தம்பிக்கு என்ன பிடிக்கும்?

வாசகி கேள்வி:

என் தம்பி போய் அடுத்த மாதத்தோடு ஒரு வருஷம் ஆகிறது. வயது 46. பினாங்கில், பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் டெக்னீஷியன். ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பூப்பந்து ஆடிக்கொண்டிருந்தவன், தண்ணீர் குடிக்க வந்து பெஞ்சில் உட்கார்ந்தான். அப்படியே சாய்ந்துவிட்டான். நான் செந்தூலில் இருக்கிறேன். செய்தி வந்ததும் ராத்திரியோடு ராத்திரியாகக் காடியை எடுத்துக்கொண்டு ஓடினோம். விடியும்போது பிணவறை வாசலில் நின்றேன். இன்றைக்கும் தம்பியை நினைத்தால் அந்த வாசல்தான் கண்ணில் நிற்கிறது.

அதற்கு இரண்டு வாரம் முன்பு போனில், "நெஞ்சில என்னமோ அடைக்கிற மாதிரி இருக்கு அக்கா" என்றான். "காத்துப் புடிச்சிருக்கும், ஓமத் தண்ணி குடி" என்றேன்.

வீட்டில் யாரும் அவன் பெயரை எடுப்பதில்லை. அம்மாவுக்கு 74 வயது, அவன் வீட்டில்தான் இருக்கிறார். அவன் படத்தை அலமாரிக்குள் திருப்பி வைத்துவிட்டார். தம்பி மனைவி, பிள்ளைகள் முன்னால் அந்தப் பேச்சே வேண்டாம் என்கிறாள். மகனுக்கு 13, மகளுக்கு 9. மகன்தான் கொள்ளி வைத்தான். என் மகளுக்குக் கல்யாணம் பேசி, ஒரு வருஷம் தள்ளிப் போட்டிருக்கிறோம். தாய்மாமன் இல்லாத மணவறையை நினைத்தாலே வயிற்றைப் பிசைகிறது. அவன் கடைசியாக அனுப்பிய குரல் பதிவை நான் இன்னும் திறக்கவில்லை. துக்கத்துக்கு ஐந்து கட்டங்கள் உண்டு, நீ முதல் கட்டமான மறுப்பிலேயே நிற்கிறாய் என்று அலுவலகத் தோழி சொல்கிறாள். அஸ்தியைக் கடலில் கரைத்துவிட்டோம், போய் நிற்க ஓர் இடம்கூட இல்லை. வருஷத் திதியை எப்படிச் செய்வது? அவனை எப்படித்தான் நினைப்பது?

(பெயர் வேண்டாம், செந்தூல், கோலாலம்பூர்)

ஆலோசகர் பதில்:

அன்புச் சகோதரி,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு, உங்கள் தம்பியைப் பற்றி நான் தெரிந்துகொண்டதை ஒரு தாளில் குறித்துப் பார்த்தேன். வயது, வேலை, நெஞ்சடைப்பு, பெஞ்சு, பிணவறை, கொள்ளி, கடல். அவ்வளவுதான். 46 வருஷம் வாழ்ந்த மனிதர் எதற்குச் சிரிப்பார், எதற்குக் கோபப்படுவார், சின்ன வயதில் உங்களிடம் எதைத் திருடித் தின்றார் என்று ஒரு வரி இல்லை. குறையாகச் சொல்லவில்லை. திடீரென்று ஒருவரைப் பறிகொடுத்தவர்கள் எனக்கு எழுதும் கடிதங்கள் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். அந்த ஒரு ராத்திரி, முன்னால் இருந்த அத்தனை வருஷத்தையும் விழுங்கி உட்கார்ந்திருக்கும்.

படுக்கையில் கிடந்து போனவர் என்றால், வீட்டார் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து பழைய கதை பேசியிருப்பார்கள், சண்டையைத் தீர்த்திருப்பார்கள், அழுதுமிருப்பார்கள். உங்களுக்கு அதில் எதுவும் கிடைக்கவில்லை. அதிலும் மருத்துவமனைக்கு வெளியே நடந்த மரணம் என்றால், அழுவதற்கு முன்பே போலீஸ், பரிசோதனை, புதைக்க எரிக்க பெர்மிட் என்று அலைய வேண்டியிருக்கும். நம்ப முடியாத ஒன்றை நம்பிப் பழகுவதற்காக மனம் திரும்பத் திரும்ப அந்த வாசலுக்கே போய்ப் பார்த்துவிட்டு வருகிறது. நீங்கள் பலவீனமானவர் என்று இதற்கு அர்த்தமில்லை. ஆனால் ஒரு வருஷமாக அந்த ஒரு வழியில் மட்டுமே நடந்திருக்கிறீர்கள். தம்பியிடம் போவதற்கு வேறு வழிகளும் இருக்கின்றன. அவற்றில் புல் முளைத்துக் கிடக்கிறது, அவ்வளவுதான்.

முதலில் ஓமத் தண்ணீர். கடிதத்தில் ஒரே வரியில் எழுதிவிட்டுக் கடந்துவிட்டீர்கள். ஆனால் உங்களைத் தூங்க விடாதது அந்த வரிதான் என்று நினைக்கிறேன்.

உங்கள் மேல் தப்பே இல்லை என்று பட்டென்று சொல்லி உங்கள் வாயை மூட எனக்கு விருப்பமில்லை. அதைத்தான் எல்லாரும் சொல்லியிருப்பார்கள், நீங்களும் நம்பியிருக்க மாட்டீர்கள். எனவே அன்றைக்கு உங்கள் கையில் என்ன இருந்தது என்று பார்ப்போம். முந்நூற்றைம்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கும் அக்காவிடம் ஒரு தம்பி போனில், மற்ற பேச்சுக்கு நடுவே, நெஞ்சு அடைக்கிறது என்கிறார். அடுத்த ஞாயிறும் பூப்பந்து ஆடப் போகிறார். இதய வலி என்றால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுவார்கள் என்றுதான் நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். உண்மையில் அது அஜீரணம் போல, தோள்பட்டைப் பிடிப்பு போல, வெறும் அசதி போலக்கூட வரும். நீரிழிவு உள்ளவர்களுக்கு வலியே தெரியாமலும் போகலாம். நம் வீடுகளில் இரைப்பைக் காற்றுக்கும் இதய வலிக்கும் ஒரே பெயர், 'காத்து'. அம்மா உங்களுக்குச் சொன்னதை, பாட்டி அம்மாவுக்குச் சொன்னதை, நீங்கள் தம்பிக்குச் சொன்னீர்கள். அக்கறை இல்லாதவர் மருந்து சொல்ல மாட்டார். இன்றைக்குத் தெரிந்ததை வைத்து அன்றைக்குப் பேசிய அக்காவை விசாரிப்பது நியாயமான வழக்கு இல்லை.

இதைப் படித்தவுடன் மனம் லேசாகிவிடும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. குற்ற உணர்ச்சிக்கு இன்னொரு வேலையும் உண்டு. 'நான் வேறு மாதிரி சொல்லியிருந்தால் அவன் இருந்திருப்பான்' என்று நினைக்கும்வரை, நடந்தது நம் கைக்குள் அடங்கிய ஒன்றாகத் தோன்றும். யார் கையிலும் அடங்காமல் நடந்தது என்று ஒப்புக்கொள்வது அதைவிடப் பயமாக இருக்கும். அதனால்தான் பலர் பழியைச் சுமக்கவே விரும்புகிறார்கள். ஓமத் தண்ணீரை யாரிடமாவது வாய்விட்டுச் சொன்னீர்களா? உங்கள் கணவரிடம்? தம்பி மனைவியிடம்? நான் பார்த்தவரை, அப்படிச் சொல்லும்போது எதிரில் இருப்பவரிடமும் ஓர் 'ஓமத் தண்ணீர்' இருக்கும். அவளிடமும் அவர் ஏதாவது சொல்லியிருப்பார். அவளும் ஒரு வருஷமாக அதை விழுங்கிக்கொண்டிருக்கலாம்.

தோழி சொன்ன ஐந்து கட்டங்களுக்கு இரண்டு வரி போதும். எலிசபெத் குப்ளர்-ராஸ் என்ற மனநல மருத்துவர் 1969இல் அதை எழுதியது, தாங்கள் சாகப் போகிறோம் என்று தெரிந்த நோயாளிகளைப் பார்த்து. ஒருவரை இழந்து பின்னால் இருப்பவர்களுக்கும் அதையே மாட்டிவிட்டார்கள். நீங்கள் எந்தக் கட்டத்திலும் நிற்கவில்லை, இதில் தேர்வும் இல்லை, தோல்வியும் இல்லை. 1999இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் இருவர் சொன்ன விளக்கம் எனக்கு இதைவிடச் சரியாகப்படுகிறது: துக்கத்தில் இருப்பவர் இழப்பின் பக்கமும் அன்றாட வேலையின் பக்கமும் மாறி மாறி ஊசலாடுகிறார், அந்த ஊசலாட்டமே ஆரோக்கியம். காலையில் பசாரில் மீன் விலை பேசிவிட்டு, மத்தியானம் தம்பி சட்டை நிறத்தில் யாரையாவது பார்த்து உடைந்து போவது நடிப்பில்லை.

சரி, பெயர் எடுக்காத வீடு.

மூன்று பேரும் ஒரே மாதிரி மௌனமாக இருப்பதாக உங்களுக்குத் தெரிகிறது. எனக்கு அது மூன்று வேறு மௌனமாகத் தெரிகிறது. அம்மாவுடையது புத்திர சோகம். அதற்கென்றே தனியாக ஒரு சொல் நம்மிடம் இருக்கிறது, தசரதன் காலத்திலிருந்து. 74 வயதில் மகனை அனுப்பிவிட்டுத் தான் உட்கார்ந்து சாப்பிடுகிறோமே என்ற கூச்சம் அதில் உண்டு. படத்தைத் திருப்பி வைப்பவர் மகனை மறக்கப் பார்க்கிறார் என்று நினைக்காதீர்கள். அந்தப் படத்தின் கண்ணைப் பார்க்க அவருக்குத் தெம்பில்லை. அவரை வற்புறுத்திப் படத்தை வெளியே எடுக்க வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து, "சின்னப் பிள்ளையில அவன் பால் குடிக்க அடம் பிடிப்பானாம்மா?" என்று கேளுங்கள். 46 வயது மகனைப் பற்றிப் பேச முடியாத தாயால், நான்கு வயது மகனைப் பற்றிப் பேச முடியும். பல வீடுகளில் அந்தப் பின்வாசல் வழியாகத்தான் பேச்சு உள்ளே வந்தது.

தம்பி மனைவி விஷயம் வேறு. இந்த ஒரு வருஷத்தில் கணவர் பெயரை அதிகமாக உச்சரித்தவள் அவள்தான், ஆனால் கவுண்டர்களில். இறப்புச் சான்றிதழ், ஊழியர் சேமநிதி, சொக்சோ, வங்கி, வண்டிப் பெயர் மாற்றம். எல்லாப் பாரத்திலும் அவர் 'சி மாத்தி', இறந்தவர். வரிசையில் நின்று நம்பர் வாங்கி, அந்தக் கட்டத்தில் கணவர் பெயரை எழுதி எழுதி, வீட்டுக்கு வந்ததும் அந்தப் பெயரே வேண்டாம் என்று தோன்றியிருக்கலாம். அவளைக் கல்நெஞ்சுக்காரி என்று யாராவது சொந்தத்தில் பேசினால், நீங்கள்தான் தடுக்க வேண்டும். நாத்தனார் வாயிலிருந்து வந்தால்தான் அது எடுபடும்.

மூன்றாவது மௌனம் உங்களுடையது. எல்லாரும் உங்களிடம் 'அம்மா எப்படி இருக்காங்க, பிள்ளைங்க எப்படி இருக்காங்க' என்றுதான் கேட்டிருப்பார்கள். உடன்பிறந்தவளின் துக்கத்துக்கு நம் ஊரில் ஆசனம் போடுவதில்லை. உங்கள் குழந்தைப் பருவத்துக்குச் சாட்சியாக இருந்த ஆள் போய்விட்டார். இனி 'அன்னிக்கு அப்பா நம்ம ரெண்டு பேரையும் அடிச்சாரே' என்று சொன்னால், ஆமாம் என்று சொல்ல ஆளில்லை. இதுவும் பெரிய இழப்புதான்.

இங்கே என் கதையைக் கொஞ்சம் சொல்கிறேன். என் அப்பா பட்டர்வொர்த்தில் வேலை பார்த்தவர். நான் படிவம் இரண்டு படிக்கும்போது, மாலை ஷிப்ட் முடிந்து வந்து படுத்தவர் காலையில் எழவில்லை. அம்மா அவர் சட்டைகளையெல்லாம் தோட்டத்துக்குப் பின்னால் போட்டு எரித்தார். பிள்ளைகள் பார்த்து அழக்கூடாதாம். நல்ல எண்ணம்தான். எங்களிடம் மிஞ்சியது அடையாளக் கார்டு படம் ஒன்று. அதில் அப்பா யாரையோ முறைத்துக்கொண்டிருப்பார். வெகுகாலம் என் அப்பா கோபக்காரர் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். என் கல்யாணத்துக்கு வந்த அவருடைய பழைய கூட்டாளி ஒருவர், அப்பா எம்.ஜி.ஆர். மாதிரி நடித்துக் காட்டி மொத்தக் கூட்டத்தையும் சிரிக்க வைப்பார் என்றார். எனக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் முதலில் வந்தது. இத்தனை வருஷம் அந்த மனிதரை எங்களிடமிருந்து யார் ஒளித்து வைத்தது? தம்பி மனைவியிடம் பேச வாய்ப்பு வரும்போது, வேண்டுமானால் இந்தக் கதையைச் சொல்லுங்கள்.

வருஷத் திதிக்கு வருவோம். உங்கள் கேள்விக்கான பதில் அதற்குள்ளேயே இருக்கிறது.

பிரிந்தவரை மனதிலிருந்து மெல்ல விடுவித்துவிட்டு வாழ்க்கையைப் பார்க்க வேண்டும் என்பதுதான் மேற்கத்திய மனநலத் துறையில் வெகுகாலம் சொல்லிவந்த பாடம். இறந்தவரோடு உறவு தொடர்வது இயல்பானது, அது நோயில்லை என்று 1996இல்தான் சில ஆய்வாளர்கள் அழுத்தமாக எழுதினார்கள். 'தொடரும் பந்தம்' என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. தீபாவளிக்கு முதல் நாள் வாழை இலையில் படையல் போட்டு, தாத்தாவைச் சாப்பிட வா என்று கூப்பிடும் சனம் நாம். பந்தம் தொடர்கிறது என்று நமக்கா சொல்லித்தர வேண்டும்?

படையலில் எனக்குப் பிடித்தது அதில் எழும் ஒரு கேள்வி: 'அவருக்கு என்ன பிடிக்கும்?' இந்தக் கேள்விக்குப் பொத்தாம் பொதுவாகப் பதில் சொல்ல முடியாது. நல்லவர், வல்லவர், குடும்பத்தின் குத்துவிளக்கு என்று தமிழ்ப் பத்திரிகையின் நினைவஞ்சலிப் பக்கத்தில் போடலாம், இலையில் வைக்க முடியாது. நண்டுப் பிரட்டலா, நெத்திலிச் சம்பலா என்று யாராவது சொல்லியாக வேண்டும். சில வீடுகளில் இலை ஓரத்தில் ஸ்டவுட் போத்தலும் சிகரெட்டும் இருக்கும். வெளியூரிலிருந்து வருபவர்கள் முகம் சுளிப்பார்கள். எனக்கு அது மரியாதையான வழக்கமாகவே படுகிறது. இறந்தவரைத் தெய்வமாக்கி மேலே தூக்கி வைக்காமல், இருந்தபடியே வந்து உட்காரச் சொல்கிறோமே.

எனவே ஐயரையோ பண்டாரத்தையோ கூப்பிட்டுச் செய்ய வேண்டியதை உங்கள் முறைப்படி செய்யுங்கள். படையலை மட்டும் கேட்டரிங்கிடம் விடாதீர்கள். ஒரு வாரம் முன்பே வீட்டில் இருப்பவர்களிடம், பூப்பந்துக் கூட்டாளிகளில் ஒருவரிடம், வேலையிடத்து நண்பர் ஒருவரிடம் அந்தக் கேள்வியைக் கேளுங்கள். ஆளுக்கு ஒன்று கொண்டுவரட்டும். முக்கியமான விஷயம், யார் என்ன சொன்னாலும் திருத்தாதீர்கள். தம்பிக்கு அம்மா வைக்கும் மீன் குழம்புதான் உயிர் என்று நீங்கள் சொல்வீர்கள். ஒன்பது வயது மகள், அப்பாவுக்கு சிக்கன் நகெட்தான் பிடிக்கும் என்பாள். அவளுக்கு வாங்கித் தரும்போது அவர் இரண்டு எடுத்துத் தின்றிருப்பார், அவள் பார்த்திருப்பாள். உங்கள் தம்பியை நீங்கள்தான் நன்றாக அறிவீர்கள் என்ற பெருமை உங்களுக்கு இருக்கும், எல்லா அக்காமாருக்கும் இருக்கும். ஆனால் அவளுடைய அப்பாவை உங்களுக்குத் தெரியாது. இலையில் குழம்புக்குப் பக்கத்தில் நகெட்டுக்கும் இடம் உண்டு.

அவர் குறைகளையும் அன்றைக்குப் பேசலாம். கடன் வாங்கித் திருப்பித் தராதது, நேரத்துக்கு வராதது, சின்ன விஷயத்துக்கு முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வது எல்லாம்தான். அந்தக் காலத்துத் தோட்டப்புறப் பெண்கள் ஒப்பாரியில் இதைத் தாராளமாகச் செய்தார்கள். 'என்னைத் தவிக்கவிட்டுப் போனாயே' என்று திட்டியபடியேதான் அழுவார்கள். இப்போது அந்த இடத்தை ஸ்பீக்கரில் ஓடும் பாட்டு பிடித்துக்கொண்டது. திட்டக்கூட வழியில்லாமல் போய்விட்டது நமக்கு.

மகனைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 12 வயதில் கொள்ளி வைத்திருக்கிறான். தலையை மழித்துக்கொண்டு தமிழ்ப்பள்ளி வகுப்பறைக்குப் போயிருப்பான். பிறகு இடைநிலைப் பள்ளி. அங்கே பலருக்கு அவன் அப்பா இறந்ததே தெரியாது. அவன் எதுவும் பேசாமல் இருப்பதை, பையன் தெளிந்துவிட்டான் என்று வீட்டில் எடுத்துக்கொள்ளக்கூடும். அந்தத் துக்க வீட்டில் குறைந்தது பத்துப் பேராவது அவன் தோளைத் தட்டி, "இனிமே நீதான்டா வீட்டுக்கு ஆம்பள" என்று சொல்லியிருப்பார்கள். வேண்டாம், இந்த வாக்கியத்தை நம் சாவு வீடுகளிலிருந்தே எடுத்துவிட வேண்டும். அப்பா போன அதே நாளில் பையனுடைய பிள்ளைப் பருவத்தையும் பிடுங்குகிற பேச்சு அது. நீங்கள் அத்தை, உங்களுக்கு உரிமை உண்டு. "நீ வீட்டைப் பாத்துக்க வேணாம், நாங்க இருக்கோம். நீ படி, விளையாடு" என்று ஒருமுறை தனியாக, வாய்விட்டுச் சொல்லுங்கள்.

பூப்பந்து அவனுக்குப் பிடிக்குமா? அப்பா அந்தப் பெஞ்சில் விழுந்தபோது அவன் அங்கே இருந்தானா? கடிதத்தில் இல்லை. இருந்திருந்தால், அவன் பள்ளியின் ஆலோசனை ஆசிரியரிடம் அம்மா ஒரு வார்த்தை சொல்லி வைப்பது அவசியம்.

மகள் விஷயத்தில் இவ்வளவு சிக்கல் இல்லை. ஒன்பது வயதில் சாவு என்றால் திரும்பி வராதது என்று தெரியும். பத்து நிமிஷம் அழுவாள், அடுத்த நிமிஷம் கார்ட்டூன் பார்ப்பாள். பிள்ளைகள் துக்கத்தைத் துண்டு துண்டாகத்தான் தின்பார்கள். பெரியவர்கள் பேசாமல் இருந்தால் மட்டும் ஒன்று நடக்கும்: அப்பா பெயரைச் சொன்னால் அம்மாவுக்கு ஏதோ ஆகிவிடும் என்று நினைத்துக்கொண்டு, அவள் அம்மாவைக் காப்பாற்ற ஆரம்பித்துவிடுவாள்.

கல்யாணம். தாய்மாமன் இல்லாத மணவறையில் மாமன் மகனை நிறுத்துவது நம் வழக்கத்தில் உள்ளதுதான். உங்கள் தம்பி மகன் உங்கள் மகளுக்கு மாலை போட்டு, சீர்த் தட்டைத் தூக்கி வரலாம். முதலில் அவனிடம் கேளுங்கள், அவன் அம்மாவிடமும் கேளுங்கள். கட்டாயப்படுத்த வேண்டாம். 'அப்பா கடமையை நீ செய்' என்று சொன்னால் அது பழையபடி 'ஆம்பள' பேச்சுக்கே போய்விடும். 'மாமா இடத்துல யாரு நிக்கிறதுன்னு அக்கா உன்னைத்தான் கேட்டா' என்று சொல்லிப் பாருங்கள், கேட்பதே வேறு மாதிரி இருக்கும். அவன் மாட்டேன் என்றால் மாமன் முறையில் வேறு யாராவது நிற்கட்டும். அந்த இடத்தை மூடி மறைக்காதீர்கள். அவன் மாட்டேன் என்றால் வருத்தப்படவும் வேண்டாம், அன்றைக்கு அவன் வந்து உட்கார்ந்தாலே போதும்.

போய் நிற்க இடமில்லை என்று எழுதியிருந்தீர்கள். நியாயமான ஏக்கம். பினாங்கில் சீனர்கள் ஏப்ரலில் சிங் மிங்குக்குக் குடும்பத்தோடு மலையேறிக் கல்லறையைக் கூட்டித் துடைத்துச் சாப்பிட்டுவிட்டு வருவார்கள். நம் கிறிஸ்தவ நண்பர்களுக்கு நவம்பர் 2, கல்லறைத் திருநாள் இருக்கிறது. கரைத்துவிடும் நமக்கு அப்படி ஓரிடம் இல்லை. பத்து லஞ்சாங் மயானத்துக்குத் திரும்பப் போக யாருக்கும் கால் வராது. ஆனால் உங்கள் தம்பி கரைந்திருப்பது கடலில். பட்டர்வொர்த்திலிருந்து ஜார்ஜ்டவுனுக்குப் படகில் போனால் இருபது நிமிஷத்துக்குள் அதே கடல்தான் இரண்டு பக்கமும். நீங்கள் இருவரும் சின்ன வயதில் ஏறியிருக்கக்கூடிய, வண்டிகளும் ஆட்களும் ஏறும் பழைய பெர்ரி 2020 கடைசியோடு நின்றுவிட்டது. 2023இல் வந்த புதுப் படகு அதைப் போல இருக்காது. இருந்தாலும் திதி முடிந்த சாயங்காலம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஒரு தடவை போய் வாருங்கள். மாலை, தேங்காய் எதுவும் வேண்டாம். இறங்கியதும் பினாங்கு ரோட்டுச் சந்தில் நின்றபடியே ஒரு செண்டோல். அவர் குடிப்பாரா மாட்டாரா என்று பிள்ளைகள் சொல்வார்கள்.

அந்தக் குரல் பதிவு. கேட்பது எப்போது என்பது உங்கள் இஷ்டம். பத்து வருஷம் கழித்துக் கேட்டாலும் தப்பில்லை. ஆனால் பத்திரப்படுத்துவதை நாளைக்கே செய்யுங்கள். உங்கள் போன் தண்ணீரில் விழுந்தால் அந்தக் குரலும் போய்விடும். மகளிடம் கொடுத்தால், ஒலிக்கவிடாமலேயே வேறோரிடத்தில் சேமித்து வைப்பாள். தம்பி மனைவியிடமும் இதைச் சொல்லுங்கள். 120 நாள் பயன்படுத்தாத வாட்ஸ்அப் கணக்கு பொதுவாக நீக்கப்பட்டுவிடும். இரண்டு வருஷம் திறக்காத கூகுள் கணக்கையும் அந்த நிறுவனம் அழித்துவிடலாம். அவர் எடுத்த படங்கள் அதில் இருந்தால் இப்போதே இறக்கி வைத்துக்கொள்ளட்டும். ப்ரீபெய்ட் எண்ணாக இருந்தால், பணம் போடாமல் விட்டால் ஒரு நாள் வேறு ஆளுக்குப் போய்விடும். அப்புறம் உங்கள் போனில் தம்பி பெயருக்குப் பக்கத்தில் முன்பின் தெரியாத ஒருவர் முகம் வந்து நிற்கும். அந்த அதிர்ச்சியோடு என்னிடம் வந்தவர்கள் இருக்கிறார்கள். பேஸ்புக்கில் அவர் கணக்கை நினைவுக் கணக்காக மாற்றக் குடும்பத்தார் கேட்கலாம். பிறந்தநாள் வாழ்த்துச் சொல்லுங்கள் என்று அது உங்களுக்கு ஞாபகப்படுத்துவது நின்றுவிடும்.

ஒரு வருஷமாகியும் அழுகிறேனே, இது நோயா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்க நினைத்திருப்பீர்கள். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2022இல் நீடித்த துக்கம் என்ற நிலையைத் தன் கையேட்டில் சேர்த்தபோது, பெரியவர்களுக்குக் குறைந்தது 12 மாதம் கடந்திருக்க வேண்டும் என்றது. அதுவும் பெரும்பாலான நாட்கள், அன்றாட வேலையே ஓடாத அளவுக்கு ஏக்கம் இருந்தால்தான். நீங்கள் வேலைக்குப் போகிறீர்கள், கல்யாண வேலை பார்க்கிறீர்கள், கடிதம் எழுதுகிறீர்கள். எனக்கு உங்களைவிட அம்மாவைப் பற்றித்தான் யோசனை. சாப்பாடு குறைந்து, எடை இறங்கி, 'நானும் போயிடறேன்' என்ற பேச்சு அடிக்கடி வந்தால் வயசாளி புலம்புகிறார் என்று விட்டுவிடாமல் கிளினிக்குக் கூட்டிப் போங்கள். யாருக்காவது ராத்திரியில் தாங்க முடியாமல் போனால் பிஃப்ரெண்டர்ஸ் என்ற தன்னார்வ அமைப்பின் 03-7627 2929 எண்ணில் 24 மணி நேரமும் ஆள் இருப்பார்கள். சுகாதார அமைச்சின் உதவி எண் 15555.

கடைசியாக உங்கள் உடம்பு. 55 வயதுக்குள் இதய நோயால் போன ஆணுக்கு உடன்பிறந்தவர் நீங்கள். மருத்துவர்கள் இதைக் குடும்பப் பின்னணி என்று எழுதி வைப்பார்கள். 2019 தேசிய ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களிடையே அது 31 விழுக்காட்டைத் தாண்டியது. அரசாங்கக் கிளினிக்கில் ஒரு வெள்ளி கட்டினால் ஆரம்பித்துவிடலாம். சர்க்கரை, கொழுப்பு, ரத்த அழுத்தம் பார்க்கச் சொல்லுங்கள். தம்பி 46 வயதில் போனார் என்பதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். பினாங்குக்குப் புறப்படுவதற்கு முன்பே இதை முடித்துவிடுங்கள், திதிக்குப் பிறகு என்றால் கல்யாண வேலையில் தள்ளிப் போய்விடும்.

திரும்பி வந்ததும் எனக்கு எழுதுங்கள். அழுதீர்களா இல்லையா என்று சொல்ல வேண்டாம். இலையில் என்னென்ன இருந்தது, யார் யார் கொண்டுவந்தது என்று மட்டும் எழுதுங்கள்.